மூளைக்குப் போகும் மடையைத் திறப்பது யார்?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடிவதற்குள் தூக்குவாளியும் துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஜீப்பில் நானும் போனேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்துவிட, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு இளம்பெண் மட்டும் வேகவேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தாள். இரண்டு மூன்று நிமிடத்தில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்றாள். விரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்துக்கொண்டன. கண் இருட்டுகிறது என்று பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டாள்.

"வலிப்பு வந்திருச்சு, சாவியக் கையில குடுங்க" என்றார் ஒருவர். "பயந்த கோளாறு, மந்திரிக்கணும்" என்றார் இன்னொருவர். மூத்த தொழிலாளி ஒருத்தர் மட்டும் அவள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, "கண்ணு, என்னயப் பாரு. மூச்ச மெதுவா விடு. இன்னும் மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் விரல்கள் தளர்ந்தன. தண்ணீர் குடித்தாள். வேலைக்கும் போனாள்.

அந்த அக்கா செய்ததுதான் சரியான வைத்தியம். அது ஏன் பலித்தது என்று தேடிப் போனபோதுதான் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பற்றி நாம் பொதுவாக நினைத்திருப்பது எவ்வளவு தலைகீழானது என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் காற்று தாராளமாகக் கிடைத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டியிருந்தால் 99 அல்லது 100 காட்டியிருக்கும். ஆனாலும் மூளைக்குப் போன ரத்தம் குறைந்துவிட்டது. குறைந்துபோன இன்னொரு பொருள் கரியமில வாயு. கழிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே கார்பன் டை ஆக்சைடுதான்.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ, உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கு. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவு. உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. இவ்வளவு செலவு செய்தும் அதனிடம் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. ரத்தம் முழுதாக நின்றால் பத்து வினாடிக்குள் நினைவு தப்பிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே மூளை, அதைச் சுற்றிய திரவம், ரத்தம் மூன்றுக்கும் சேர்த்து இருப்பது ஒரே அளவு இடம். ரத்தம் அதிகமாக வந்தால் அழுத்தம் ஏறும், குறைந்தால் மூளை பட்டினி கிடக்கும். ஆகவே மடையை ஒவ்வொரு வினாடியும் அளந்து அளந்து திறக்க வேண்டும்.

மடை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு தண்ணீர் தேக்கடியில் ஷட்டர் வழியாக மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு வாய்க்கால்களில் பிரிகிறது. ஷட்டரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. வயல் வரப்பில் நிற்பவர் மண்வெட்டியால் தன் மடையை எவ்வளவு வெட்டிவிடுகிறார் என்பது வேறு கணக்கு. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடினாலும் மடை அடைத்திருந்தால் பயிர் காய்ந்துதான் போகும். மூளையிலும் அப்படித்தான். கழுத்து வழியாக ஏறும் பெரிய தமனிகள் வாய்க்கால் என்றால், மூளையின் மேற்பரப்பில் ஓடும் தலைமுடி போன்ற சின்னத் தமனிகள் மடைகள். அவற்றின் சுவரில் வட்டமாகச் சுற்றியிருக்கும் தசை இறுகினால் மடை அடைபடும், தளர்ந்தால் திறக்கும். கொஞ்சம் இறுகினாலே போதும். குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கணக்குப்படி அதில் ஓடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

சரி, மண்வெட்டி யார் கையில்?

பெரும்பாலும் கரியமில வாயுவின் கையில். ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரசம். இது ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால் மூளையின் ரத்த ஓட்டம் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் கூடுகிறது, ஒன்று குறைந்தால் அதேபோல் சரிகிறது. 80க்குப் போனால் ஓட்டம் ஏறக்குறைய இரட்டிப்பு, 20க்கு இறங்கினால் ஏறக்குறைய பாதி. உடம்பில் வேறெந்த உறுப்பின் ரத்தக் குழாயும் இந்த வாயுவுக்கு இவ்வளவு கூர்மையாகப் பதில் சொல்வதில்லை. ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் வழக்கமான 100 அளவிலிருந்து 70க்கு இறங்கினாலும் மூளைக் குழாய்கள் பெரிதாக அசைவதில்லை. 50, 60க்குக் கீழே போன பிறகுதான் மடையைத் திறக்க ஓடுகின்றன.

இது நடக்கும் விதமும் அழகானது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு கட்டுக்காவல் உண்டு. அமிலத் துகள்களும், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் உப்பும் அதை எளிதில் தாண்டமுடியாது. கரியமில வாயு மட்டும் தடையில்லாமல் ஊடுருவிவிடும். உள்ளே போனதும் தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது, குழாயைச் சுற்றியிருக்கும் திரவம் ஒரு சொட்டு புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பைத்தான் குழாய்ச் சுவரின் தசை உணர்கிறது. தசைச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் திறக்கின்றன, குழாயின் உட்பூச்சிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வருகிறது, தசை தளர்கிறது, மடை விரிகிறது. வாயு குறைந்தால் புளிப்பு குறைந்து எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும்.

இதை மனிதர்களிடம் முதன்முதலாக ஒழுங்காக அளந்தவர்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1945இல் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறிதளவு சுவாசிக்க வைத்து, மூளைக்குள் போகும் ரத்தத்திலும் அதைவிட்டு வெளியேறும் ரத்தத்திலும் அது எவ்வளவு என்று கணக்கிட்டு, விழித்திருக்கும் மனிதனின் மூளையில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று சொன்னார்கள். மூன்று வருடம் கழித்து, 5 முதல் 7 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தவர்களிடம் ஓட்டம் ஏறத்தாழ 75 சதவீதம் கூடியதையும், வேகவேகமாக மூச்சு விட்டவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும் எழுதினார்கள். இன்றைய கருவிகள் எவ்வளவோ நுட்பமானவை. 1982 முதல் நெற்றிப்பொட்டு எலும்பு வழியாக, ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஒலியை அனுப்பியே இதைப் பார்க்க முடிகிறது. ஆனாலும் அந்த முதல் எண்கள் பெரிதாக மாறவில்லை.

ஜீப்பில் இருந்த பெண்ணுக்கு நடந்தது அந்த மூன்றில் ஒரு பங்குதான். உடம்பு ஓய்வில் நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. மூச்சு அளவாக இருக்கும்வரை வரவும் செலவும் சரியாகும். பயத்தில் மூச்சு வேகமெடுத்தபோது செலவு வரவைத் தாண்டிவிட்டது. வாயு இறங்கியது, மூளையின் மடைகள் இறுகின, கண் இருட்டியது. விரல் மடங்கியது அதே கதையின் வேறு கிளை. அமிலம் குறைந்த ரத்தத்தில் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தனியாக அலையும் கால்சியம் குறைந்தால் கைகால் நரம்புகள் துடியாகி, மரத்துப்போதலும் விறைப்பும் வரும். வலிப்பும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. மூச்சு தணிந்ததும் வாயு சேர்ந்தது, மடை திறந்தது.

(காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வது பழைய பழக்கம். இப்போது அதை ஊக்குவிப்பதில்லை. வேகமூச்சுக்குக் காரணம் பயம்தான் என்று வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. மாரடைப்போ நுரையீரல் கோளாறோ இருந்தால் பை ஆளையே கொன்றுவிடலாம்.)

இங்கேதான் நரம்பு மண்டலம் கதைக்குள் வருகிறது. பயந்தால் நரம்புகள் மூளையின் ரத்தக் குழாயைப் பிடித்து இறுக்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நரம்புகள் இல்லாமல் இல்லை. கழுத்தின் மேல்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சிலிருந்து கிளம்பும், குழாயை இறுக்கும் பரிவு நரம்புகள் மூளையின் பெரிய தமனிகளைக் கொடிபோலச் சுற்றியிருக்கின்றன. குழாயை விரிக்கும் எதிர்ப்பரிவு நரம்புகளும் முகத்து எலும்புகளுக்குப் பின்னாலிருந்து வருகின்றன. முகத்தின் உணர்வு நரம்பும் ஒரு கிளை அனுப்புகிறது. ஒற்றைத் தலைவலியில் வலிக்க வைப்பது பெரும்பாலும் அந்தக் கிளைதான். இத்தனை நரம்பு இருந்தும், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் அவை ரத்த ஓட்டத்தை மாற்றுவது கொஞ்சமே. எவ்வளவு கொஞ்சம் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அவற்றின் வேலை வெள்ளக் காலத்தில் தெரிகிறது என்பதுதான் எனக்கு நம்பத்தகுந்ததாகத் தோன்றும் விளக்கம். திராட்சைப் பெட்டிகளை அடுக்கித் தலையில் தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்குகிறோம். ரத்த அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. அந்த வெள்ளம் அப்படியே சின்ன மடைகளில் மோதினால் வரப்பு உடையும். பரிவு நரம்புகள் மேலேயே, பெரிய தமனிகளில், ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுகின்றன. விலங்குகளில் அந்த நரம்பை வெட்டிவிட்டு அழுத்தத்தை ஏற்றினால் மூளைக்குள் கூடுதல் ரத்தம் பாய்வதைப் பார்த்திருக்கிறார்கள்.

அழுத்தம் மெதுவாக ஏறி இறங்கினால் நரம்பின் உதவிகூட வேண்டாம். குழாய்ச் சுவரே இழுபட்டால் இறுகும், தொய்ந்தால் தளரும். சராசரி ரத்த அழுத்தம் 60 முதல் 150 வரை மாறினாலும் ஓட்டம் நிலையாக இருக்கும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் லாசன் 1959இல் வரைந்த வரைபடம் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அந்தச் சமவெளி அவ்வளவு அகலமில்லை, ஏற்றத்தைத் தாங்குவதுபோல இறக்கத்தைத் தாங்காது என்று இப்போது சொல்கிறார்கள். வருடக்கணக்கில் ப்ரஷர் இருப்பவர்களுக்கு இந்தச் சமவெளியே மேல்நோக்கி நகர்ந்திருக்கும். அதனால்தான் மேல் அளவு 200 காட்டுகிறதே என்று ஒரே மூச்சில் 120க்கு இறக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அவருடைய மூளைக்கு அந்த 120 பஞ்சகாலமாகிவிடலாம்.

நரம்புச் செல்கள் உள்ளூரிலும் தண்ணீர் கேட்கின்றன. இதைப் படிக்கும்போது உங்கள் தலையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதியில் ரத்தம் கூடியிருக்கும். வேலை செய்த செல்களின் கழிவுதான் குழாயை விரிக்கிறது என்று 1890இல் ராய், ஷெரிங்டன் என்ற இருவர் ஊகித்தார்கள். அது பாதி உண்மை. செல்கள் கழிவு சேரும்வரை காத்திருப்பதில்லை. குளுட்டமேட் என்ற சேதிப்பொருளை விடும்போதே, பக்கத்தில் நட்சத்திர வடிவில் இருக்கும் துணைச் செல்கள் வழியாகவும் நேரடியாகவும் குழாய்க்குச் சொல்லி அனுப்பிவிடுகின்றன. வருகிற ரத்தம் தேவையைவிடக் கூடுதலாகவே வருகிறது. அந்த உபரியைக் காந்தத்தால் படம்பிடிக்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990இல் காட்டியதில்தான், மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன் படங்கள் பிறந்தன.

ஆனால் மூளைக்குப் போகும் ரத்தத்தின் மீது நரம்பு மண்டலத்துக்கு இருக்கும் மிகப்பெரிய பிடி இவை எதுவும் இல்லை. அது மூச்சு. மூளையின் அடித்தண்டான முகுளத்தில், பிடரிக்கு நேர் உள்ளே, புளிப்பை ருசி பார்க்கும் செல்கள் இருக்கின்றன. கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலும் மூச்சைக் கூட்டு என்று சொல்லும். கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் இன்னொரு சின்னக் காவல் உறுப்பு ஆக்சிஜனையும் சேர்த்துக் கவனிக்கிறது. மூச்சில் அதன் பங்கைக் கண்டறிந்ததற்காகக் கொர்னேய் ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சின் வேகத்தை நரம்புகள் முடிவுசெய்கின்றன, மூச்சு கரியமில வாயுவை முடிவுசெய்கிறது, வாயு மூளையின் மடையைத் திறக்கிறது. பயம் மூளைக் குழாயை நேராகப் பிடிப்பதில்லை, நுரையீரலைச் சுற்றிக்கொண்டு வந்து பிடிக்கிறது. இந்த வட்டம் திரும்பியும் ஓடும். மடை திறந்து ரத்தம் கூடினால் முகுளத்தில் சேர்ந்த வாயுவையும் அது கழுவிக்கொண்டு போகும், மூச்சின் அவசரம் தணியும்.

இதைத் தெரிந்துகொள்வது உயிர்காக்கும் விஷயம் என்பதால் இரண்டு கிணறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தண்ணீர் நிறைந்த கிணறு. கோடை விடுமுறையில் பையன்கள் அடியாழத்துக்கு முங்கி மண்ணெடுத்து வரப் போட்டி போடுவார்கள். குதிப்பதற்கு முன் ஏழெட்டு முறை இழுத்து இழுத்து மூச்சு விட்டால் அதிக நேரம் தம் கட்டலாம் என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். தம் அதிக நேரம் நிற்பது உண்மை. ஆனால் காரணம் ஆக்சிஜன் சேர்வது இல்லை. அது முன்பே ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. குறைவது கரியமில வாயு. மேலே வா, மூச்சு விடு என்று கத்தும் எச்சரிக்கை மணி அந்த வாயுதான். மணியை அடக்கிவிட்டு முங்கினால், மணி அடிக்கும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள் சத்தமில்லாமல் நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களே இப்படிச் சாகிறார்கள். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: முங்குவதற்கு முன் வேகமூச்சு கூடாது.

இரண்டாவது, தண்ணீர் வற்றிய கிணறு. தூர் வாரவோ, விழுந்த ஆட்டையோ வாளியையோ எடுக்கவோ ஒருவர் இறங்குகிறார். சத்தம் வரவில்லை. காப்பாற்ற இன்னொருவர், அவரைத் தேடி மூன்றாமவர். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் எங்கள் தேனிப் பக்கத்திலும் இந்தச் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். மட்கும் இலையும் மண்ணும் வெளிவிடும் வாயு, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. காற்றோட்டம் இல்லாத குழியில் அடியில் தங்கி, ஆக்சிஜனையும் வெளியேற்றிவிடும். 5 சதவீதம் ஆனாலே மூச்சிரைப்பும் தலைவலியும் வரும். இரைக்க இரைக்க அதே காற்றைத்தான் இன்னும் உள்ளே இழுப்போம். மூளையின் மடைகள் முழுதாகத் திறந்து ரத்தம் பாயும், ஆனால் அந்த ரத்தத்தில் போதிய ஆக்சிஜன் இருக்காது. 10 சதவீதத்துக்கு மேல் சில நிமிடங்களில் நினைவு தப்பும். கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நல்லதுதான். அணைந்தால் இறங்கவே கூடாது. எரிந்தாலும் பத்திரம் என்று அர்த்தமில்லை. விளக்குக்குத் தெரியாத நச்சு வாயுக்களும் உண்டு. தீப்பற்றும் வாயு இருந்தால் விளக்கே ஆபத்து. ஒருவர் விழுந்துவிட்டால் அடுத்தவர் இறங்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். மேலே நிற்பவருக்கு அந்த நேரம் எவ்வளவு கொடுமை என்று தெரிந்தும்தான் இதைச் சொல்கிறேன்.

மூணாறு குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டுகிறவர்களுக்கு நேர்வது இன்னும் மோசமான வகை. அங்கே கொல்வது கார்பன் மோனாக்சைடு. பெயரில் பாதி ஒன்று, நடத்தை முற்றிலும் வேறு. அது முகுளத்தின் மணியைத் தொடுவதே இல்லை. மூச்சு முட்டாமல் தூக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொரு கூட்டத்தார் ரத்தத்தில் கரியமில வாயு அதிகமாகித் தவிப்பவர்கள். வருடக்கணக்கில் பீடியும் விறகடுப்புப் புகையும் வாங்கிய நுரையீரலால் கரியமில வாயுவை முழுதாக வெளியேற்ற முடியாது. தூக்கத்தில் மூச்சு தணியும்போது வாயு இன்னும் ஏறும், மூளைக் குழாய்கள் விரியும், காலையில் எழும்போதே மண்டை கனக்கும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது, அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டுமே. இப்படிப்பட்ட நோயாளிக்கு வீட்டில் சிலிண்டர் இருந்தால், 100 வரட்டும் என்று ஆசைப்பட்டுக் குழாயை முழுதாகத் திறக்காதீர்கள். அவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை போதும் என்றே மருத்துவர்கள் வைப்பார்கள். அதற்கு மேல் தள்ளினால் வாயு சேர்ந்து ஆள் மயக்கத்தில் ஆழ்வது உண்டு. உங்கள் நோயாளிக்கு எந்த அளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

மலைப்பாதை விபத்தில் தலையில் அடிபட்டவரை தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ கொண்டுபோனால், வென்டிலேட்டர் பக்கத்தில் ஒரு திரையில் கரியமில வாயுவின் அலை ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது, இயந்திர மூச்சைக் கூட்டி வாயுவைக் குறைத்தால் குழாய்கள் சுருங்கி இடம் கிடைக்கும். ஒரு காலத்தில் எல்லோருக்கும் இதை நாள்கணக்கில் செய்தார்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி நீண்டநேரம் வேகமூச்சு கொடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மூன்று, ஆறு மாதங்களில் மற்றவர்களைவிட மோசமாகத் தேறியிருந்தார்கள். அடிபட்ட மூளைக்குச் சோறு போடும் மடையையே அடைத்திருக்கிறோம் என்று புரிந்தது. போதாததற்கு, சில மணி நேரத்தில் மூளையைச் சுற்றிய திரவம் தன் பைகார்பனேட்டைக் குறைத்துப் புளிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும், குழாய்கள் மறுபடி விரிந்துவிடும். அதனால் இப்போது அதை அறுவைக்குப் போகும்வரை அவசரத்துக்குச் சில நிமிடங்கள் வாங்கித்தரும் வழியாக மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

வேகமூச்சுப் பயிற்சிகளில் தலை கிறுகிறுப்பதைச் சக்தி ஏறுவதாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் இப்போது பெருகிவிட்டன. கிறுகிறுப்பது மூளைக்கு ரத்தம் குறைவதால்தான். ஆரோக்கியமானவர் உட்கார்ந்த நிலையில் கொஞ்ச நேரம் செய்தால் கெடுதல் வராமல் போகலாம். வலிப்பு நோய் உள்ளவர், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர், கர்ப்பிணிகள் அதன் பக்கம் போக வேண்டாம். வலிப்பை வரவழைத்துப் பார்ப்பதற்காகவே மூளை அலைப் பரிசோதனையின்போது நோயாளியை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த ஜீப் அக்காவை அதற்குப் பிறகு ஒருமுறை கம்பத்தில் சந்தையில் பார்த்தேன். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "யாருகிட்டயும் இல்ல தம்பி. எம்மக பிரசவ வலியில இப்பிடித்தான் மூச்சு வாங்கி கை மடங்கிப்போனா. அங்க இருந்த நர்சம்மா சொல்லிச்சு, உள்ள இழுக்கறதப் பத்திக் கவலப்படாத, வெளிய விடறத மட்டும் நீட்டி விடுன்னு" என்றார்.